முதலாளிக்கு மனசு வந்த கதை

ஊரே ஒரு மனிதரைப் புகழ்ந்துகொண்டிருந்த காலத்தில் ஒருத்திக்கு மட்டும் வயிறு எரிந்தது. பொறாமை என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். பொறாமையில் எரிகிற வயிறு நாலு வாய் சோறு உள்ளே போனதும் அடங்கிவிடும். இவளுக்குச் சாப்பிடச் சாப்பிட எரிந்தது.

மடிப்புக்காரி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிட்டார்கள். ஆற்றோரத்துச் சலவை ஆலையில் மடிக்கிற வேலை. மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகள் தொட்டியில் வெந்து, பிழிபட்டு, கடைசியில் உருளைக்கு வரும். அது சின்னச் சாமான் இல்லை. யானையைப் படுக்கப் போட்ட நீளம், உள்ளே கொதிக்கும் நீராவி. ஒரு பக்கம் நின்று ஈர விரிப்பை இரண்டு கையாலும் விரித்து உள்ளே விட வேண்டும். மறுபக்கம் அது காய்ந்து, சுருக்கம் போய், மொடமொடவென்று வெளியே வரும். விடுகிறவள் ஒருத்தி, வாங்கி மடிக்கிறவள் ஒருத்தி. நடுவில் இரும்பும் ஆவியும் இருப்பதால் ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியாது; தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. ஆனால் வருகிற விரிப்பே சேதி சொல்லும். கோணலாக வந்தால் அந்தப் பக்கத்தில் நிற்பவளுக்குத் தூக்கம் போதவில்லை. விளிம்பு வெடுக்கென்று இழுபட்டு வந்தால், காலையில் வீட்டில் சண்டை.

அந்தப் பக்கத்தில் நின்றவள் மடிப்புக்காரியின் கூடப் பிறந்த தங்கை. கை நீளமுள்ளவள். கை நீளம் என்றால் வேறு அர்த்தம் வைத்திருக்கிறது உலகம். இவளுக்கு நிஜமாகவே நீளம். விரிப்பின் இரண்டு முனையையும் எட்டிப் பிடிக்க அப்படிப்பட்ட கைதான் வேண்டும். அக்காவோ குள்ளம். "நான் அந்தப் பக்கம் நிக்கிறேன், அவ மடிக்கட்டும்" என்று அவள் எத்தனையோ தடவை மேஸ்திரியிடம் கேட்டுப் பார்த்துவிட்டாள். முக்காலி போட்டு நிற்கிறேன் என்றுகூடச் சொன்னாள். மேஸ்திரி சிரித்ததோடு சரி.

அவள் ஏன் இடம் மாறக் கேட்டாள் என்பதுதான் விஷயம்.

உருளையின் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு மெல்லிய கம்பி ஓடும். கைக்கம்பி என்பார்கள். கையோ முழங்கையோ அதில் பட்டால் போதும், உருளை அப்படியே நின்றுவிடும். இயந்திரம் செய்தவன் புத்திசாலி. இரும்புக்கு இல்லாத இரக்கத்தை ஒரு கம்பியில் வைத்து அனுப்பினான். ஆனால் நின்ற உருளையை மறுபடி ஓட்டுவதற்குள் உள்ளே மாட்டிய விரிப்பு கருகும், சூடு இறங்கும், எரிபொருள் வீணாகும். அதனால் முதலாளி அந்தக் கைக்கம்பியை அசையவிடாமல் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டச் சொல்லிவிட்டார். மேஸ்திரி முறுக்கி முறுக்கிக் கட்டினார். இரக்கத்தின் கையைப் பின்னால் கட்டியாயிற்று.

அந்த முதலாளிக்குக் காக்கா என்று பெயர். அவர் முன்னால் ஐயா, அந்தண்டை போனதும் காக்கா. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று கஞ்சர்களைச் சொல்வது வழக்கம். இவர் விஷயத்தில் பெண்கள் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார்கள்: அந்தக் கையைக் கழுவவும் மாட்டார், சோப்பு தேயும். தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார், வேலை செய்கிறவர்கள் சும்மா கிடைக்கிறதே என்று வேலையை விட்டுவிட்டு ரெண்டு நிமிஷம் வேடிக்கை பார்ப்பார்கள் என்று. அவருடைய நிழல் அவருக்குப் பின்னால் வராது, எங்கே தேய்ந்துவிடப்போகிறதோ என்று அவரே அதைச் சுருட்டிப் பையில் வைத்திருக்கிறார் என்று சொன்னவர்களும் உண்டு. சிரிக்கலாம். சிரித்தார்கள். நெட்டையக்காவின் கை உள்ளே போகிற வரைக்கும்.

நெட்டையக்கா தங்கைக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவள். கம்பி கட்டியிருந்ததால் உருளை நிற்கவில்லை. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. முதலாளி வந்து பார்த்தார். முதலில் விரிப்பைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். அவளுடைய கவனக்குறைவு என்று எல்லோர் காதிலும் விழுகிறபடி சொல்லி, அன்றோடு கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். மறுநாளே அந்த இடத்துக்கு நீளக் கை தேடினார்கள். வீட்டில் அப்பா படுக்கையில். ஒரு சம்பளம் போதாது. தங்கை வந்தாள்.

மடிப்புக்காரி ஒரே ஒரு தடவை நேரே போய்க் கேட்டாள், அந்தக் கட்டை அவிழ்த்துவிடுங்கள் என்று. "கைய உள்ள விடாம இருந்தா கம்பி எதுக்கும்மா? எனக்கும்தான் கை இருக்கு. நான் எங்கயாவது விடுறனா?" என்றார். அவருக்கு அது பெரிய தத்துவமாகப் பட்டது. நாலு பேரிடம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவருக்கு மனசு வந்த கதையைக் கேளுங்கள்.

ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மருத்துவமனையில் சேர்த்தார்கள். எந்த மருத்துவமனை? இவருடைய ஆலையில் விரிப்பு வெளுக்கிற அதே மருத்துவமனை. பாதி சோப்பில் அரைகுறையாக அலசி அனுப்பிய தன் விரிப்பிலேயே தானே படுத்தார். முந்திப் படுத்தவனின் கறை முதுகுக்கு அடியில். அரிப்பு என்றால் அப்படி ஓர் அரிப்பு. நெஞ்சுவலியை மறந்து முதுகைச் சொறிந்தார் என்று வார்டு ஆயா சொன்னாள். அதுகூட அவரை மாற்றவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் செத்துப்போனார். எடுத்துப்போக ஒரு நாய்கூட வரவில்லை. முதலாளி தன் கட்டிலுக்குப் பக்கத்தில் பார்வையாளருக்குப் போட்டிருந்த நாற்காலியைப் பார்த்தார். அவர் வந்த நாள் முதல் அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. செவிலி அதன்மேல் பக்கத்துக் கட்டில்காரர்களின் துணியைக் காயப்போட்டிருந்தாள். அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. பயம் வந்ததும் மனசு வந்தது. அவருக்கு அது இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஊருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

வெளியே வந்தவர் கொடுக்க ஆரம்பித்தார். என்ன வேகம்! இத்தனை காலம் பூட்டி வைத்திருந்த கதவு திறந்தால் காற்று அடிக்கத்தானே செய்யும். பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு படியிலும் அவர் பெயர். பிள்ளைகள் அவர் பெயரை மிதிக்காமல் வகுப்புக்குப் போக முடியாது. பேருந்து நிறுத்தத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். காலையில் வீட்டு வாசலில் வரிசை நிற்கும்; போர்வை, பாத்திரம், மருந்துச் செலவு, எது கேட்டாலும் கிடைக்கும். கொடுக்கும்போது கண் கலங்குவார். வாங்குகிறவர்களுக்கும் கலங்கும். ஊர்வாயை மூடுவதற்குப் போர்வையைவிட நல்ல துணி கிடையாது. "பாருங்க, எப்பேர்ப்பட்ட மனுஷன் எப்படி மாறிட்டாரு" என்று சொல்லிச் சொல்லி, அவர் முன்னால் எப்படி இருந்தார் என்பதே அவருடைய பெருமையில் ஒரு பங்காகிவிட்டது. நல்லவராகவே பிறந்த மளிகைக்கடைக்காரரை ஒரு பயலும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆலைப் பெண்களுக்கும் கொடுத்தார். புதுச் சீருடை. வெள்ளை வெளேரென்று, மணிக்கட்டு வரை தொளதொளவென்று கை வைத்து, நெஞ்சில் ஆலையின் பெயர் தைத்து. இதற்கு மேல் ஒரு முட்டாள்தனத்தை அந்த ஆலையில் யாரும் செய்திருக்க முடியாது. உருளைப் பக்கம் போகிறவள் முதலில் செய்கிற காரியம் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொள்வது, முந்தானையைச் செருகுவது, வளையலைக் கழற்றிவைப்பது. முப்பது வருஷம் ஆலை நடத்தியவருக்கு அது தெரியவில்லை. அவர் எப்போதும் விரிப்பைத்தான் பார்த்திருந்தார்.

சீருடை வாங்கும்போது மடிப்புக்காரி மறுபடி கேட்டாள். இந்தத் தடவை கிடைக்கும் என்று நம்பித்தான் கேட்டாள். மாறிவிட்டார் என்று ஊரே சொல்கிறபோது அவள் மட்டும் நம்பாமல் இருக்க அவள் என்ன கல்லா?

"கேளும்மா. இன்னிக்கு நீ என்ன கேட்டாலும் இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

"அந்தக் கைக்கம்பிக் கட்ட அவுத்துடச் சொல்லுங்கய்யா. வேற எதுவும் வேணாம்."

அவர் கையிலிருந்த சீருடையைக் கீழே வைத்தார்.

"அது வேறம்மா. அது தொழில். இது மனசு. ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது" என்றார். பிறகு இரங்கி, "ஒன் தங்கச்சிக்குன்னு ஒரு போர்வ சேத்து வாங்கிக்க" என்றார்.

அவள் வாங்கவில்லை. அன்றைக்குத்தான் வயிறு எரிய ஆரம்பித்தது. கெட்டவனாக இருந்தபோதாவது அவரைத் திட்ட முடிந்தது. பத்துப் பேர் கூடத் திட்டினார்கள். இப்போது வாயைத் திறந்தால், சோறு போட்ட கையைக் கடிக்கிறாளே என்கிறார்கள். இத்தனைக்கும் போர்வைக்கான துணியும் பந்தலுக்கான மூங்கிலும் எங்கிருந்து முளைத்தன? அந்த உருளையின் இரண்டு பக்கமும் நின்றவர்களின் முதுகிலிருந்து. எடுத்தது தொழில், அதில் ஒரு கிள்ளு திருப்பிக் கொடுத்தால் மனசு.

அப்புறம் விழா வந்தது. முதலாளியின் மாற்றத்தைப் பற்றி எழுதப் பத்திரிகைக்காரர் வருகிறார், பெரிய மனிதர்கள் வருகிறார்கள், எல்லோரும் புதுச் சீருடையில் நிற்க வேண்டும், கையைச் சுருட்டக் கூடாது, படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். நெட்டையக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். முன்வரிசையில் உட்காரவைத்து ஒரு போர்வை கொடுப்பதாக ஏற்பாடு.

அன்று காலை மடிப்புக்காரி மற்றவர்களுக்கு முன்னால் வந்தாள். கருவிப் பெட்டியிலிருந்து கம்பி வெட்டுகிற குறடு ஒன்றை எடுத்தாள். துருப்பிடித்த கட்டுக்கம்பி லேசில் விடவில்லை. ஒவ்வொரு முறுக்காக நறுக்கினாள். கடைசி முறுக்கு அறுந்ததும் கைக்கம்பி மெல்ல ஆடியது. தங்கை வந்ததும் சொன்னாள்.

"அவுத்துட்டேன். பாத்து விடு."

தங்கைக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "தெரிஞ்சா வேல போயிடும்க்கா."

"வேல போனா வேற வேல தேடலாம்டி. கைய எங்க போய்த் தேடுவ?"

விழா நன்றாகத்தான் நடந்தது. நெட்டையக்காவுக்குப் போர்வை கொடுத்தார்கள். அவள் அதை இடது கையால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். முதலாளி மைக்கைப் பிடித்துக்கொண்டு உருளைக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார். தான் எவ்வளவு கல்நெஞ்சுக்காரராக இருந்தார் என்று விலாவாரியாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு ருசி தட்டியது. தன் பாவத்தைக்கூட மற்றவர்களுடையதைவிடப் பெரியதாக வைத்துக்கொள்ள அவர் ஆசைப்பட்டார். அது என்னென்ன பாவம் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு வேலை நடக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார் பத்திரிகைக்காரர். உருளையை ஓட்டினார்கள். மடிப்புக்காரி தன் பக்கம் போய் நின்றாள். தங்கை விரிப்பை விட்டாள். ஒன்று வந்தது, நேராக. இரண்டாவதும் நேராக. அந்தப் பக்கத்தில் படம் எடுக்கிறவர் "இங்க பாத்துச் சிரிங்க" என்றிருக்கிறார். உருளைக்கு முன்னால் நிற்பவளிடம் யாரும் சொல்லக்கூடாத வார்த்தை அது. அவள் பார்த்தாள், முதலாளி முறைக்கிறாரே என்று சிரிக்கவும் செய்தாள்.

மூன்றாவது விரிப்பு கோணலாக வந்தது. பாதியில் விரிப்பு நின்றது. உருளையும் நின்றது.

அவள் எப்படிச் சுற்றிக்கொண்டு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தங்கையின் சீருடையின் தொளதொளக் கை விரிப்பின் விளிம்போடு சேர்ந்து உள்ளே போயிருந்தது. விரல் நுனிகள் உருளையின் வாயில். முழங்கை கைக்கம்பியின்மேல். மடிப்புக்காரி சீருடையைத் தோளிலிருந்து கிழித்தாள். கை வெளியே வந்தது. விரல்கள் எல்லாம் இருந்தன. நுனிகளில் தோல் சிவந்து பொரிந்திருந்தது. உள்ளே விரிப்பு கருகி நாற்றம் எழுந்தது.

அப்போது ஒலிபெருக்கியில், வாசல் வரைக்கும் கேட்கிறபடி, முதலாளியின் குரல் வந்தது.

"கம்பிய எவ அவுத்தது?"

பழைய குரல். நெஞ்சுவலிக்கு முந்தைய குரல். விரிப்பு கருகுவதை மோந்ததும் அதுவாகவே எழுந்து வந்துவிட்டது. பின்வரிசையில் குழந்தை ஒன்று சிரித்தது. என்ன கம்பி என்று பத்திரிகைக்காரர் கேட்டார்.

முதலாளி மைக்கைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அவருக்கு வியர்த்தது. ஆனால் ஆள் சாமர்த்தியசாலி. தொழிலாளிகளின் பாதுகாப்புக்காகத் தானே அந்தக் கம்பியை அவிழ்க்கச் சொல்லியிருந்ததாகவும், சொன்னபடி செய்தவள் யார் என்று பாராட்டவே கேட்டதாகவும் சொன்னார். ஒரு பெண்ணின் கை காப்பாற்றப்பட்டதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள் அல்லவா என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மடிப்புக்காரியை முன்னால் கூப்பிட்டு அவள் கையில் மைக்கைக் கொடுத்தார். கொடுக்கும்போது அவருடைய கண் கெஞ்சியது, மிரட்டவும் செய்தது.

அவளுக்கு நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. கட்டச் சொன்னது யார், எத்தனை தடவை கேட்டேன், என்ன பதில் கிடைத்தது. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் இவர்கள் கொஞ்ச நேரம் முகம் சுளிப்பார்கள். பிறகு கலைந்து போவார்கள். மாலையில் மேஸ்திரி புதுக் கட்டுக்கம்பிச் சுருளோடு வருவார். இவளும் தங்கையும் வாசலில் நிற்பார்கள். உள்ளே வேறு எவளோ ஒருத்தியின் நீளக் கை நிற்கும்.

கோபத்தை மென்று விழுங்கினாள்.

"ஐயா சொன்னத எல்லாரும் கேட்டீங்க. இனிமே இந்தக் கம்பிய யாரும் கட்டக்கூடாதுன்னும் ஐயா வாயாலயே சொல்லட்டும். பத்திரிக்கைக்காரர் எழுதிக்கட்டும்" என்றாள்.

அவர் சொன்னார். சொல்லாமல் என்ன செய்வார்? அவருக்கு ஊர் வேண்டும், கைதட்டு வேண்டும், அந்த மருத்துவமனை நாற்காலியில் உட்கார ஆள் வேண்டும். பத்திரிகையிலும் வந்தது: வள்ளல் முதலாளி, ஏழைப் பெண்ணின் கையைக் காத்தார். படத்தில் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள்; அது கை உள்ளே போவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்தது. பேருந்து நிறுத்தத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் மடிப்புக்காரியை அடையாளம் கண்டு, இப்படி ஒரு முதலாளி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாள்.

"ஆமாங்க. என் தங்கச்சி கைய என் தங்கச்சிக்கே தானமா குடுத்துட்டாரு" என்றாள் மடிப்புக்காரி. அந்த அம்மாள் அதையும் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டாள்.

ஆனால் ஒருத்தி மட்டும் அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். நெட்டையக்கா. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. போர்வை அவள் கக்கத்தில், கொடுத்த மடிப்புக் கலையாமல் இருந்தது.

"ஒன் தங்கச்சி கை பொழச்சது. எனக்குச் சந்தோசம்டி, சத்தியமா. ஆனா ஒண்ணு கேக்குறேன். கம்பிய அவுத்ததால கை பொழச்சதுன்னா, என் கை போனப்ப கட்டி இருந்துதுன்னுதானே அர்த்தம்? அந்த மைக்க வெச்சுக்கிட்டு அத நீ ஏன் சொல்லல?"

மடிப்புக்காரி பதில் தேடினாள். தங்கையின் பெயரைச் சொல்லலாம், அப்பாவைச் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். எதுவும் அந்த இரண்டு விரலுக்குப் பதில் இல்லை. "நாளைக்குக் காலைல போர்வையத் திருப்பிக் குடுக்கப் போலாம்க்கா, நானும் வரேன்" என்றாள்.

காலையில் முதலாளி வீட்டு வாசலில் வழக்கம்போல வரிசை நின்றது. இருவரும் அதில் நின்றார்கள். முறை வந்ததும் நெட்டையக்கா போர்வையை அவர் மேஜைமேல் வைத்தாள். வேறு நிறம் வேண்டுமா என்று அவர் சிரித்தபடியே கேட்டார்.

"வேணாங்கய்யா. என் கவனக்குறைவுன்னு சொல்லி அனுப்புனீங்க. அது இல்ல, கம்பியக் கட்டச் சொன்னது நான்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அதான் வேணும்."

முதலாளி சுற்றும் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். வைத்தியத்துக்கு வேண்டியதைச் செய்கிறேன் என்றார். மாதாமாதம் ஒரு உதவி என்றார். பெட்டிக்கடை வைத்துத் தருகிறேன் என்றார். ஏலக்கடையில் ஏறுகிற மாதிரி ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனார். பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்த கை, பந்தல் போட்ட கை, அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் பெட்டியைத் திறக்க மறுத்தது. அதற்கு ஒரு காசு செலவில்லை. அதனால்தானோ என்னவோ அதைக் கொடுக்க அவருக்குத் தெரியவில்லை.

"நேரமாகுதும்மா, பின்னாடி எவ்ளோ பேரு நிக்கிறாங்க பாரு" என்றார் கடைசியில்.

"நிக்கட்டும்" என்றாள் மடிப்புக்காரி. "அவங்களும் கேக்கட்டும். அன்னிக்கி மைக்குல நான் சொல்லாம விட்டத இப்ப நானே சொல்றேன்."

சொல்ல ஆரம்பித்தாள். வரிசையில் நின்றவர்களில் சிலர் எங்கே தங்கள் போர்வை போய்விடுமோ என்று அவளை அதட்டினார்கள். ஒரு கிழவர் மட்டும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்தார். முதலாளி எழுந்து உள்ளே போகப் பார்த்தார். நெட்டையக்கா மூன்று விரல் கையை மேஜைமேல் போர்வைக்குப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டு, அவர் உட்காரும் வரை அசையாமல் நின்றாள்.